கார்டிசால் குறையும்போதும் கூடும்போதும்

மூட்டுவலிக்காகவோ மூச்சிரைப்புக்காகவோ ஒருவர் மாதக்கணக்கில் ஒரு சின்ன மாத்திரை சாப்பிட்டு வருகிறார். வலி போன இடம் தெரியவில்லை. பசி நன்றாக எடுக்கிறது. முகம் மட்டும் சற்று உப்பியிருக்கிறது. ஊரிலிருந்து வந்த உறவினர் மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, “ஐயோ, இது ஸ்டீராய்டாச்சே, உடனே நிறுத்துங்க” என்கிறார். இவரும் பயந்துபோய் அன்றைக்கே நிறுத்திவிடுகிறார். சில நாட்களில் எழுந்து நிற்க முடியாத அசதி வருகிறது. சாப்பிட்டது எதுவும் தங்காமல் வாந்தியாகிறது, கூடவே காய்ச்சலும். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது ரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் கிடக்கிறது. வீட்டிலிருப்பவர்களோ ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல்தான். ஆனால் அதை ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்று புரிய வேண்டுமானால் அட்ரினல் சுரப்பியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தைராய்டைப் பற்றியும் சர்க்கரை நோயைப் பற்றியும் நம் வீடுகளில் தாராளமாகப் பேசுகிறார்கள். அட்ரினல் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அதனால் போகக் கூடாத உயிர்களும் போகின்றன.

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்ததுபோல் ஒவ்வொரு அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் எடை நான்கைந்து கிராம்தான். இத்தாலியைச் சேர்ந்த உடற்கூறியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி 16ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு எழுதிவைத்தார். அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதோ அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு யாருக்கும் தெரியவில்லை.

சுரப்பியின் வெளிப்பகுதியைப் புறணி என்றும் உட்பகுதியை அகணி என்றும் சொல்வார்கள். அகணியில் அட்ரினலின் சுரக்கிறது. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் அதனால்தான். எல்லோருக்கும் தெரிந்த ஹார்மோன் அதுதான். ஆனால் அகணி இல்லாமலும் மனிதர் வாழ்ந்துவிடலாம். புறணி இல்லாமல் வாழ முடியாது. உப்பையும் பொட்டாசியத்தையும் அளவாக வைத்திருக்கும் ஆல்டோஸ்டீரோன், உடம்பின் பல வேலைகளை நடத்தும் கார்டிசால், சிறிதளவு ஆண்மை ஹார்மோன்கள் ஆகிய மூன்றும் புறணியில் உருவாகின்றன.

கார்டிசாலை ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று சொல்லிச் சொல்லி அது ஏதோ விரட்டப்பட வேண்டிய பொருள் என்ற எண்ணத்தைப் பரப்பிவிட்டார்கள். இது எனக்கு வருத்தமளிக்கும் விஷயம். ஒருவேளைச் சாப்பாடு தவறினாலும் ரத்தச் சர்க்கரை விழாமல் தாங்குவது கார்டிசால். படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சரிந்துவிடாமல் ரத்தக் குழாய்களை முறுக்கோடு வைத்திருப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. நோய் எதிர்ப்பு மண்டலம் எல்லை மீறாமல் அடக்கிவைப்பதும் அதுதான். நாம் விழிக்கும் விடிகாலையில் அதன் அளவு உச்சத்தில் இருக்கும். நடுநிசியில் அடிமட்டத்துக்கு வரும். கார்டிசால் பரிசோதனைக்குக் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுப்பது அதனால்தான். கடும் காய்ச்சலோ விபத்தோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தால் உடம்பு வழக்கத்தைப் போலப் பல மடங்கு கார்டிசாலைச் சுரந்து சமாளிக்கிறது.

இதற்கு உத்தரவு மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. ரத்தத்தில் கார்டிசால் குறைந்தால் பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பி அட்ரினலை முடுக்கும். கார்டிசால் போதுமான அளவு இருந்தால் பேசாமல் இருந்துவிடும்.

பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்டிசாலின் வேலையைச் செய்யும் செயற்கைப் பொருட்கள். அவை வெளியிலிருந்து தினமும் உள்ளே வந்தால், ‘கார்டிசால் நிறைய இருக்கிறது’ என்று பிட்யூட்டரி முடிவுகட்டுகிறது. வீட்டுக்கு மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு வந்துகொண்டிருந்தால் அடுப்பை யார் மூட்டுவார்கள்? அட்ரினல் வேலையில்லாமல் சுருங்கத் தொடங்குகிறது. உடம்பின் அன்றாடத் தேவைக்கு மேற்பட்ட அளவில், அதாவது பிரட்னிசலோன் என்றால் ஏறத்தாழ 5 மில்லிகிராமுக்கு மேல், மூன்று நான்கு வாரங்களுக்கு மேலாகச் சாப்பிட்டவர் எவரும் இந்த நிலையில் இருக்கக்கூடும் என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால்தான் சுரப்பி மெல்ல விழித்துக்கொள்ளும். அதற்குச் சிலருக்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம்.

உலகெங்கும் மருத்துவர்கள் பார்க்கும் அட்ரினல் சுரப்புக் குறைபாடுகளில் மிகுதியானவை இப்படி மருந்தால் வந்தவைதான். நம் நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தான் சாப்பிடுவது ஸ்டீராய்டு என்று தெரியாமலே பலர் அதைச் சாப்பிடுகிறார்கள். ‘மூட்டுவலிக்கு அற்புத மருந்து’ என்று பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கப்படும் பொடிகளிலும், முறையான படிப்பில்லாதவர்கள் கொடுக்கும் கலர் மாத்திரைகளிலும் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பல வருட வலி இரண்டே நாளில் மறைந்துவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். முகம் வெளுக்க வேண்டும் என்று மருந்துக் கடையில் தாமாகவே வாங்கித் தடவும் களிம்புகள் பலவற்றிலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தோலைக் கெடுப்பதோடு நெடுநாள் பயன்பாட்டில் அட்ரினலையும் அது அடக்கலாம். மருத்துவர் சீட்டில்லாமல் இத்தகைய களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வழக்கமான அளவில் உறிஞ்சும் மருந்து பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடுகிறது. அதன் பயன் அதன் தீங்கைவிடப் பல மடங்கு பெரிது. ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. யார் கொடுக்கிறார், எவ்வளவு, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்ற நான்கும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மருந்தின் தொடர்பே இல்லாமல் அட்ரினல் சுரப்பி அழிந்துபோவதும் உண்டு. அதை முதலில் விவரித்தவர் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன். 1855இல் அவர் வெளியிட்ட நூலில் பதினொரு நோயாளிகளின் கதை இருக்கிறது. அவர்கள் நாளுக்கு நாள் சோர்ந்து, மெலிந்து, தோல் விநோதமாகக் கறுத்து இறந்தவர்கள். உடலைத் திறந்து பார்த்தபோது அட்ரினல் சுரப்பிகள் சிதைந்திருந்தன. அவர்களில் பலருக்குக் காரணம் காசநோய். பணக்கார நாடுகளில் காசநோய் குறைந்துவிட்டதால், உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதன் சொந்தச் சுரப்பியையே தாக்குவதுதான் இன்று அங்கே முதன்மைக் காரணம். இந்தியாவில் காசநோய் இன்னும் அந்தப் பட்டியலை விட்டுப் போகவில்லை.

அடிசன் நோயின் கொடுமை, அது தனக்கென்று ஒரு அடையாளமும் இல்லாததுபோல் வருவது. அசதி, பசியின்மை, எடைக் குறைவு, எழுந்தால் கண் இருட்டுவது, அடிக்கடி வாந்தி, வயிற்று வலி. இவை எந்த நோய்க்கும் பொருந்தும். சுரப்பியின் பெரும்பகுதி அழிந்த பிறகுதான் அறிகுறிகளே தலைகாட்டுகின்றன. அதற்குள் நோயாளி வயிற்றுக்கு ஒரு மருத்துவர், மனச்சோர்வுக்கு ஒரு மருத்துவர், சத்துக் குறைவுக்கு டானிக் என்று பல படிகள் ஏறி இறங்கியிருப்பார்.

உற்றுப் பார்த்தால் இரண்டு தடயங்கள் கிடைக்கும். முதலாவது தோல். அட்ரினல் பதில் சொல்லாததால் பிட்யூட்டரி மேலும் மேலும் ஏசிடிஎச் அனுப்புகிறது. அதன் மிகுதி தோலின் நிறமி அணுக்களையும் தூண்டிவிடுகிறது. வெள்ளைக்காரர்களிடம் இது பளிச்சென்று தெரியும். நம்மிடம் “வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டே” என்ற ஒரு வார்த்தையோடு போய்விடும். வெயில் படாத இடங்களைப் பார்க்க வேண்டும். ஈறு, நாக்கு, உள்ளங்கை ரேகைகள், விரல் கணுக்கள், பழைய தழும்புகள். ஒரு வருடத்துக்கு முன் எடுத்த புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் உதவும். மருத்துவரிடம் போகும்போது அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டாவது தடயம் உப்பு. ஆல்டோஸ்டீரோன் இல்லாததால் உடம்பிலிருந்து உப்பு சிறுநீரில் கரைந்தோடுகிறது. ஊறுகாயைச் சோறுபோல் தின்பதும், மோரில் கைநிறைய உப்பைப் போட்டுக் குடிப்பதும் இவர்களுக்கு வெறும் ருசியல்ல. உடம்பின் கதறல் அது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்தும் பொட்டாசியம் கூடியும் இருக்கும்.

காசநோயாளிகளுக்கு இதில் ஒரு கூடுதல் அபாயம் உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்து கல்லீரலில் கார்டிசாலை வேகமாகச் சிதைத்துவிடுகிறது. அட்ரினல் ஏற்கெனவே பாதி செத்திருக்கும் ஒருவருக்கு, காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களில் நிலைமை மோசமானால், ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அதை நிறுத்திவிடக் கூடாது. கார்டிசால் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

1950க்கு முன்னால் அடிசன் நோய் வந்தவர்கள் பெரும்பாலும் சில வருடங்களில் இறந்தார்கள். அட்ரினல் புறணியின் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டால், ரெய்க்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பலனை அனுபவித்தவர்களில் ஒருவர் பிற்பாடு அமெரிக்க அதிபரான ஜான் கென்னடி. 1947இல் லண்டனில் அவருக்கு இந்நோய் இருப்பது தெரிந்தது. 1954இல் முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது உயிர் போய் மீண்டது. அடிசன் நோயாளிக்கு இவ்வளவு பெரிய அறுவை சிகிச்சையை நடத்திக் காட்டிய அந்த அனுபவம் மறு வருடமே ஒரு மருத்துவ இதழில் வெளியானது. அதில் பெயரைச் சொல்லாமல் ‘37 வயது ஆண்’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தார்கள். 1960 தேர்தல் பிரச்சாரத்தில் நோயை அவர் தரப்பு மறுத்தது. அவர் இறந்தபின் உடலைப் பரிசோதித்த மருத்துவர்கள் 1992இல்தான் அதை வெளிப்படையாக உறுதிசெய்தார்கள்.

இன்றைய சிகிச்சை எளியது. சுரக்காத ஹார்மோனை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். ஹைட்ரோகார்டிசோன் ஒரு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்து, காலையில் பெரிய பங்கு. உப்புக்காக ஃப்ளூட்ரோகார்டிசோன் தனி. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். நல்ல உடம்பு காய்ச்சல் வந்தால் தானே கூடுதலாகச் சுரந்துகொள்ளும். இவர்கள் தாங்களாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் நாட்களில் வழக்கமாக இரட்டிப்பு அளவு. வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான் வழி. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைன் நீரும் உடனடியாகத் தரப்பட வேண்டும். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடலாம். அதனால்தான் இந்த நோயாளிகளும், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் தங்கள் பர்ஸில் அதைக் குறித்த ஒரு அட்டையை வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். பல் பிடுங்கப் போனாலும் அந்த அட்டையைக் காட்ட வேண்டும்.

கார்டிசால் மிகுந்துபோனால் வருவது குஷிங் நோய்த்தொகுப்பு. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் முதலில் எழுதி 1932இல் விளக்கியது. நிலாபோல் வட்டமான சிவந்த முகம், தோளுக்குப் பின்னால் கொழுப்புத் திரட்சி, பெருத்த வயிறு, சூம்பிய கைகால்கள். வயிற்றிலும் தொடையிலும் அகலமான கருஞ்சிவப்புக் கோடுகள். லேசாக இடித்துக்கொண்டாலே தோலில் ரத்தம் கட்டும். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, எலும்புத் தேய்மானம், மாதவிடாய்க் குழப்பம், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

இதற்கும் பெரும்பாலான நேரம் காரணம் மேலே சொன்ன மாத்திரைகளே. உடம்புக்குள்ளிருந்தே வருவது அரிது; வந்தால் பெரும்பாலும் பிட்யூட்டரியில் ஒரு சிறு கட்டி, அல்லது அட்ரினலிலேயே ஒரு கட்டி. இரவு பதினோரு மணிக்கு ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்து மறுநாள் காலை கார்டிசால் பார்ப்பது முதற்கட்டச் சோதனை. ஆரோக்கியமான அட்ரினல் அடங்கிவிடும். கட்டி அடங்காது. கட்டியை அகற்றினால் பெரும்பாலானோர் மீண்டு வருகிறார்கள். ஆனால் இந்த நோயாளிகள் அந்தச் சோதனை வரை வந்து சேருவதற்கே வருடங்கள் ஆகின்றன. குண்டாகிவிட்டாள், வாயைக் கட்டுவதில்லை, நடப்பதில்லை என்று வீட்டிலும் வெளியிலும் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்குக் கைகால் மட்டும் மெலிந்துகொண்டே போகிறது என்றால், தயவுசெய்து அவளைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஆல்டோஸ்டீரோன் மட்டும் தனியாகக் கூடுவதும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான் 1950களின் நடுவில் இதைக் கண்டறிந்தார். 34 வயதுப் பெண் ஒருவருக்கு ரத்தக்கொதிப்போடு தசை பலவீனமும் இழுப்பும் இருந்தன; பொட்டாசியம் மிகக் குறைந்திருந்தது. அட்ரினல் கட்டியை எடுத்ததும் குணமானார். அரிய நோய் என்று அப்போது நினைத்தார்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் இருபது பேருக்கு ஒருவராவது இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு. பொட்டாசியம் இயல்பாக இருப்பவர்களிலும் இது காணப்படுகிறது. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்கள், நாற்பது வயதுக்குள்ளேயே பிரஷர் வந்தவர்கள் ஆல்டோஸ்டீரோன், ரெனின் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். இதே விளைவை அதிமதுரமும் உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தொண்டைக்கட்டுக்கு ஒரு துண்டு மெல்லுவதால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் தினமும் நிறையச் சாப்பிட்டால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும்.

அகணியில் வரும் கட்டி ஃபியோகுரோமோசைட்டோமா. திடீர்த் தலைவலி, கொட்டும் வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து சில நிமிடங்கள் ஆட்டிவைத்துவிட்டு அடங்கும். அந்த நேரம் அளந்தால் பிரஷர் உச்சத்தில் இருக்கும். பயத்தால் வரும் படபடப்பு என்று எண்ணி வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அபூர்வமான கட்டி இது. ஆனால் கண்டுபிடிக்காமல் வேறு ஏதாவது அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டால் பேராபத்து.

‘அட்ரினல் சோர்வு’ என்று இணையத்தில் விற்கப்படும் ஒரு சொல் இருக்கிறது. வேலைப்பளுவில் சுரப்பி களைத்துப்போகிறது, இந்தப் பொடியைச் சாப்பிடுங்கள் என்பார்கள். அப்படியொரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்கவில்லை. உண்மையான நோய் இருப்பவர் அந்தப் பொடியில் காலத்தைத் தொலைப்பதுதான் எனக்குக் கவலை தருவது.

குழந்தைகளுக்கு வருவது பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. கார்டிசாலை உருவாக்கும் நொதிகளில் ஒன்று பிறவியிலேயே குறைபட்டிருக்கும். கார்டிசால் வரவில்லையே என்று பிட்யூட்டரி அட்ரினலை இடைவிடாமல் விரட்டும். சுரப்பி பருக்கும், கார்டிசாலாக முடியாத மூலப்பொருள் ஆண்மை ஹார்மோனாகத் திரும்பிவிடும். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பு ஆணுக்குரியதுபோல் தோன்றலாம். ஆண் குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்துக்குள் பால் குடிக்காமல், வாந்தியெடுத்து, நீர்வற்றித் துவண்டுவிடும். மேலோட்டமான வகையில் பருவப் பெண்களுக்கு முகத்தில் ரோமமும் மாதவிடாய்த் தாமதமும் வரும். அது பிசிஓடி என்றே பெயர் வாங்கிவிடுகிறது.

1940இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லாசன் வில்கின்ஸும் கர்ட் ரிக்டரும் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். உப்பு என்றால் அவனுக்கு உயிர். ரொட்டி, பிஸ்கட் எதில் உப்பு ஒட்டியிருந்தாலும் நக்கித் தின்பான். அவன் பேசக் கற்றுக்கொண்ட முதல் சில வார்த்தைகளில் உப்பும் ஒன்று. மருத்துவமனையில் சேர்த்து வழக்கமான உணவு கொடுத்தார்கள். ஏழே நாளில் இறந்துவிட்டான். அவனுடைய அட்ரினல் சுரப்பிகள் கெட்டிருந்தது அதன்பிறகுதான் தெரிந்தது. அத்தனை நாளும் அவன் தன் உயிரை உப்பால் பிடித்து வைத்திருந்தான். அதே வில்கின்ஸ் 1950இல் இந்தக் குழந்தைகளுக்குக் கார்டிசோன் பலனளிப்பதை நிறுவினார். இன்று உரிய நேரத்தில் மாத்திரை கிடைத்தால் இவர்கள் வளர்ந்து, படித்து, குடும்பம் நடத்தி வாழ்கிறார்கள்.

நமக்கு இது தூரத்து விஷயமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 5,760 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் இருந்தது. சென்னையில் அந்த விகிதம் இன்னும் அதிகம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபட்ட மரபணு வந்தால்தான் நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுகிறது. பிறப்புறுப்பு வேறுபட்டிருக்கும் குழந்தையை அவசரமாக அறுவை மேசையில் கிடத்தக் கூடாது என்பதையும் தமிழ்நாடு முன்னோடியாக முடிவு செய்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இத்தகைய அறுவை சிகிச்சைகளை மாநில அரசு தடைசெய்தது. அந்தக் குழந்தைக்கு முதலில் வேண்டியது ஹைட்ரோகார்டிசோன்.

பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். எல்லா மருத்துவமனைகளிலும் தாமாகச் செய்வதில்லை, கேட்டுச் செய்துகொள்ளுங்கள். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை பிறந்த சில வாரங்களில் வாந்தியெடுத்துக் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.